பாதி வாடகைக் கோட்டு

ஞானமுத்துவும் அடைக்கலசாமியும் திருச்சியில் ஒரே காலேஜில் பி.ஏ. படித்தார்கள், ஒரே அறையில் குடியிருந்தார்கள். வரதராஜன்பேட்டைக்காரன் ஞானமுத்துவுக்கு மணியார்டர் வந்தால் அந்த வாரத்தைத் தாண்டாது. எதிரே வருகிறவனையெல்லாம் காப்பி கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போவான். ஏலாக்குறிச்சிக்காரன் அடைக்கலசாமி வேறு மாதிரி. ஞானமுத்து குளித்து முடிக்கும்வரை துண்டோடு நின்று, அவனுடைய சோப்பை வாங்கித் தேய்த்துக்கொள்வான்.

அது உலகச் சண்டைக் காலம். துணிக்குக் கட்டுப்பாடு. ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய கம்பளிக் கோட்டு வாங்கினார்கள். ஒரு வாரம் இவனுக்கு, மறுவாரம் அவனுக்கு என்று ஒப்பந்தம். அடைக்கலசாமி தன் வாரத்தில் அதைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "போட்டா தேயுமுல்ல?" என்பான்.

அரியலூரில் மரிய செல்வம் வாத்தியாருடைய மகளைப் பார்க்க வரச் சொல்லி ஞானமுத்துவின் அப்பா கடிதம் போட்டார். போகவேண்டிய வாரமோ கோட்டுக்கு அடைக்கலசாமியின் வாரம்.

"கோட்டைக் குடுடா, பொண்ணு பாக்கப் போறேன்."

"அதுக்குத்தான்டா எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க. வாடகை உண்டு. நீ பங்காளி, பாதி குடுத்தா போதும்."

தன் கோட்டுக்கே வாடகை கொடுத்துவிட்டு ஞானமுத்து ரயிலேறினான்.

வாத்தியார் வீட்டில் பலகாரம் வந்தது. பெண்ணின் அத்தை தெரசம்மாள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பையே பார்த்தாள்.

"தம்பி, இந்தக் கோட்டு உங்களுதா?"

"பாதி என்னுதுங்க," என்றான் ஞானமுத்து, யோசிக்காமல்.

"போன மாசம் விக்கிரமங்கலத்துல எங்க கொழுந்தன் மவளைப் பாக்க ஒருத்தரு இதைத்தான் போட்டுட்டு வந்தாரு. இதே பச்சைப் பொத்தான். திருமழபாடிக்கு வந்த மாப்பிள்ளையும் இதேதான்!"

ஊரிலிருந்து நேரே அங்கு வந்திருந்த ஞானமுத்துவின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். இனி மறைக்க முடியாது என்று, பாதி வாடகை கொடுத்தது வரை எல்லாவற்றையும் ஞானமுத்து சொல்லிவிட்டான். கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அந்த இன்னொரு பையன் எந்த ஊரு? அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

பெண் இன்னாசிமேரி விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள்.

"அப்பா, தன் கோட்டையே போட்டுக்க மனசு வராத ஆளு எனக்கு ஒரு சீலை எடுத்துக் குடுப்பாரா? இவரே இருக்கட்டும்."

"இவரு கையில காசு நிக்காது போலிருக்கேம்மா!"

"நிக்காட்டி என் கையில குடுக்கட்டும்."

"குடுத்துடறேங்க," என்றான் ஞானமுத்து. அவன் அப்பா மறுபடி உட்கார்ந்து ஒரு முறுக்கை எடுத்தார்.

பரீட்சை முடிந்ததும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்று அடைக்கலசாமி பந்தியில் வாட்டமாக உட்கார்ந்திருந்தான். நடந்ததெல்லாம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"பொண்ணு கெடைக்கலன்னு வருத்தமாடா?" என்று கேட்டான் ஞானமுத்து.

"பொண்ணு கெடக்குது விடு," என்றான் அடைக்கலசாமி. "அப்படி ஒரு மாமனாரு எனக்கு எங்கடா கெடைப்பாரு?"