மீட்டரை மூடிய காகிதம்

சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து அண்ணி மூன்று எஞ்சின் மவுண்டுகளை வைத்திருந்தாள். ஒன்று கறுப்பு ரப்பர். வண்டி வாங்கியபோதே அதில் இருந்தது. இன்னொன்று சிவப்பு பாலியூரித்தேன், ரப்பரைவிடக் கெட்டி. கட்டைவிரலால் அழுத்தினால் மனமில்லாமல் கொஞ்சம் அமுங்கும். மூன்றாவது வெறும் அலுமினியக் கட்டி, நடுவில் ஒரு துளை, அவ்வளவுதான். எஞ்சின் காரின் உடம்போடு சேரும் இடங்களில் இவற்றில் ஏதாவது ஒரு வகை உட்கார வேண்டும். ரப்பர், எஞ்சினின் நடுக்கத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். அலுமினியம் எதையும் விழுங்காது. வந்ததை வந்தபடி இருக்கை வரை அனுப்பிவிடும்.

அண்ணன் அந்தக் கட்டியை எடுத்து மேஜையில் தட்டினான். "இதப் போட்டா ஆபீஸ் போய்ச் சேரறதுக்குள்ள என் பல்லெல்லாம் மடியில கெடக்கும்."

"உங்களுக்குத்தான் பஸ் இருக்கே," என்றாள் அண்ணி.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார். வாரநாட்களில் அது அண்ணனை அலுவலகத்தில் இறக்கிவிடும். சில ஞாயிறுகளில், விமானம் இறங்காத ஒரு பழைய ஓடுபாதையில் நடக்கும் நேரப் போட்டியில் அண்ணியோடு ஓடும். சின்ன வயதுக் காய்ச்சலில் அண்ணிக்கு இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டன. வீட்டில் காது மெஷின் மாட்டியிருப்பாள். எங்கள் கிசுகிசுப்பு எதுவும் அவளிடம் தப்பியதில்லை. ஆனால் ஹெல்மெட்டுக்குள் மெஷின் கீச்சிடும், கழற்றி வைத்துவிடுவாள். அதன்பின் எஞ்சின் சத்தம் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது. போன போட்டியில், கடைசி வளைவுக்கு முன் கியரைச் சற்று முந்திக் குறைத்துவிட்டாள். கண் வளைவில் இருந்தது, எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரைப் பார்க்க நேரமில்லை. எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று வால்வுகள் வளைந்துபோயின.

எல்லாவற்றையும் பிரித்துச் சேர்த்த பிறகு அண்ணன் கோபமில்லாமல்தான் சொன்னான். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வண்டிய வித்துருவோம்மா." அண்ணி "சரி" என்றாள். அன்று டைரியில் அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கு எதுவும் எழுத வரவில்லை.

நான் பகலில் மருத்துவமனை பில் கவுண்டரிலும், மாலையில் வாகனத் தொழில்நுட்ப வகுப்பிலும் இருப்பவள். அதனால் வீட்டில் இன்ஜினீயர் நான்தான்; பட்டப்பெயர் 'அளவுகோல்'. மூன்று மவுண்டுகளுக்கும் மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் பாலியூரித்தேன் முதலில் வந்தது. எனக்கே பிடித்த முடிவு: நடுவில் இருப்பது, யாரையும் பகைத்துக்கொள்ளாதது. அண்ணி நான் போட்ட கட்டங்களைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"நடுக்கத்துல அலுமினியத்துக்கு ஏன் சைபர் போட்ட?"

"அது தொந்தரவு இல்லையா அண்ணி?"

"யாருக்கு?"

இரவு முழுக்க அந்தக் கேள்வி உறுத்தியது. காலையில் பல் தேய்க்கும்போதுதான், இதை மதிப்பெண் போட்டு முடிவுசெய்ய முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை மெக்கானிக் ஷெட்டில் அண்ணி மெஷினைக் கழற்றி, ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்தாள். மீட்டரின் மேல் காகிதம் ஒட்டினேன். வெளியே வேறொரு மீட்டரை ஒயர் போட்டு இணைத்து நான் வைத்துக்கொண்டேன். அவள் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து, ஐயாயிரம் சுற்று என்று தோன்றும்போது கையை உயர்த்த வேண்டும். ரப்பர் மவுண்டோடு அவள் கை உயர்ந்தபோது முள் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த முறை நாலாயிரத்திலேயே உயர்ந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு படியிறங்குபவளைப் போல இருந்தாள்.

மெக்கானிக் அலுமினியத்தை மாட்டினார். கியர் பெட்டிக்குக் கீழே இருக்கும் மவுண்டையும் சேர்த்தே மாற்றினார். எஞ்சினை மட்டும் இறுக்கிவிட்டு அதைத் தளர விட்டால் பெட்டியின் கூடு விரிசல் விடும். ஸ்டார்ட் செய்ததும் ஷெல்ஃபில் இருந்த ஸ்பேனர்களே பேச ஆரம்பித்தன. அண்ணி இருக்கையில் முதுகு பதியச் சாய்ந்துகொண்டாள். கை உயர்ந்தது. ஐயாயிரத்துக்கு ஒரு மயிரிழை மேலே. மறுபடியும் அதேதான். ஆறு விரல் காட்டி ஆறாயிரம் கேட்டேன், ஆறாயிரம் கொடுத்தாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாளோ? முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் கை உயர்ந்ததும் அண்ணனைக் கை தட்டச் சொன்னேன். அப்போதும் சரியாக இருந்தது. சரி, ரப்பரில் செய்து செய்து பழகியதால் இப்போது சரியாக வருகிறதோ?

"மறுபடி ரப்பர மாட்டிப் பாக்கணும் அண்ணே," என்றேன் மெக்கானிக்கிடம்.

அவர் கையைத் துடைத்த துணியைக் கீழே போட்டார். "ஏம்மா, நான் என்ன சட்டையா மாத்திக்கிட்டு இருக்கேன்?"

"அவ எழுதின பரீட்சைக்கே ரெண்டு தடவ ரீவேல்யுவேஷன் போடுவா, அதுவும் பாஸானதுக்கு," என்றான் அண்ணன். "மாட்டிருங்க. விடமாட்டா."

மாட்டினார். மறுபடி கை கண்டபடி உயர்ந்தது. அலுமினியம் திரும்ப ஏறியதும் அண்ணனே ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்து பார்த்தான். இரண்டு நல்ல காதுகளோடு எண்ணூறு சுற்று தவறினான். இறங்கும்போது தாடையைப் பிடித்துக்கொண்டு, "இது காரா, மாவு மிஷினா?" என்றான். அண்ணி அவன் உதட்டைப் படித்துச் சிரித்தாள். ஆனால் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜையில் நான் தொந்தரவு என்று சைபர் போட்டதை, அவள் இத்தனை நாளும் யாரிடமும் முறையிடாமல் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஓடுபாதை ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசி வளைவு எங்களுக்கு நேர் எதிரே. போன முறை அவள் கியரைக் குறைத்த இடம் எனக்குத் தெரியும். தரையில் ஒரு பழைய மஞ்சள் கோடு இருக்கும். கார் அதை நோக்கி வரும்போது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மூட எனக்கும் ஆசைதான், ஆனால் யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமே. கோடு வந்தது. கியர் குறையவில்லை. பிரேக் விளக்கு எரிந்தது, வேகம் இறங்கியது, எஞ்சினின் குரல் தணிந்துகொண்டே வந்தது, அவள் இன்னும் காத்திருந்தாள். பிறகுதான் கியர் விழுந்தது. ஒரு பொத்தானைப் போட்ட மாதிரி, அத்தனை சுத்தமாக. கார் வளைவுக்குள் போய் வெளியே வந்தது.

"என்னாச்சு?" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"போய்ட்டாங்க. நல்லா போய்ட்டாங்க."

நேரத்தை இன்னும் அறிவிக்கவில்லை. அண்ணி ஓரமாக வந்து நின்றாள், எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே கண்ணாடியில் வானமும் கம்பிவேலியும் இரண்டிரண்டாகத் துடித்துக்கொண்டிருந்தன. அண்ணன் ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னான். ஹெல்மெட்டுக்குள் அவளுக்குக் கேட்கவில்லை; உதட்டையும் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்து டாஷ்போர்டின் மேல் விரித்து வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். அண்ணனின் கடிகாரம், முழங்கை, சட்டைக் காலர் வரை மெல்ல அதிர்ந்தது. அவன் கையை எடுக்கவில்லை.