மொட்டைப்பனையின் குடித்தனங்கள்

சித்திரை பிறந்த மறுநாள் காலையில், இலஞ்சிக்கு மேற்கே பிச்சுமணியின் வீட்டுக்கு எதிர்வயலில் நின்றவர்கள் இவர்கள்: பிச்சுமணி, அவர் மனைவி இராமலட்சுமி, மரம் அறுக்க வந்த பலவேசம், வடம் பிடிக்க அவருடன் வந்த அவர் மனைவி முத்துசெல்வி. பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்தவர் வீரகேரளம்புதூர் ஞானசம்பந்தம், மாப்பிள்ளையின் தகப்பனார். கல்யாணப்பெண் வித்யாலட்சுமி மாடியிலிருந்து பார்த்தாள். அவளையும் சேர்த்து ஆறு பேர். ஏழாவது ஆள் அங்கே இல்லை.

அறுக்க வேண்டியது ஒரு மொட்டைப்பனை. ஏழு வருஷத்துக்கு முன் இடி விழுந்து, கொண்டை கருகி, வெறும் தூணாக நின்றது. தலைவாசலைத் திறந்தால் நேரே அதுதான் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று ஞானசம்பந்தத்தின் தாயார் அதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தலையில்லாத மரத்தில் முழித்துக்கொண்டு ஒரு பெண்ணை எடுப்பதா என்று கேட்டார். பிச்சுமணி அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு நீங்க வரும்போது அது அங்கன நிக்காது."

அந்த வீட்டில் சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பிச்சுமணியின் அப்பா ஒரு கோயில் கொடைவிழாவில் வாய்தவறிப் 'பாதை விடுதேன்' என்று சொல்லிவிட்டு, மறுநாளே நல்ல நஞ்சையின் நடுவில் பாதை விட்டவர். ஊர் இன்றும் அதில்தான் நடக்கிறது. பிச்சுமணியோ முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவர் கொடி காட்டிவிட்டு மாற்றியதாக ஒரு நாளும் கிடையாது.

பலவேசம் மரம் அறுக்கும் மிஷினை வரப்பில் வைத்தார். அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மரத்தை மூன்று தட்டு தட்டினார். உள்ளே எவ்வளவு உளுத்திருக்கிறது என்று சத்தத்தில் கண்டுபிடிப்பதற்காக.

மேலே ஒரு துளையிலிருந்து கிளி தலை நீட்டியது. அதற்கு ஒரு முழம் கீழே இன்னொரு கிளி. பக்கவாட்டில் மைனா ஒன்று மஞ்சள் மூக்கை நீட்டி வைதது. நடுமரத்தில் அகலமாகப் பிளந்திருந்த பொந்தில் ஓர் ஆந்தைமுகம் எழும்பி, உருண்டைக் கண்ணால் பிச்சுமணியை மட்டும் முறைத்தது. உச்சிக் குழியிலிருந்து பனங்காடை ஒன்று நீலச்சிறகைப் பளீரென்று விரித்துக் கிளம்பியது.

முத்துசெல்வி சிரித்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி, ரயிலு நடுவழியில நின்ன மாதிரி எல்லா சன்னல்லயும் தலைய நீட்டுது!"

பலவேசம் சிரிக்கவில்லை. மரத்தில் காதை வைத்தவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் அறுக்கல அண்ணாச்சி. உள்ள குஞ்சு கத்துது."

"மரம் அறுக்க வந்தவன் பேசுத பேச்சா இது?"

"ஆடி மாசம் கூப்பிடுங்க, காலியா இருந்தா அறுக்கேன். நம்பலேன்னா நீங்களே காத வச்சுப் பாருங்க."

பிச்சுமணி யாருக்கும் எளிதில் குனிகிறவர் அல்லர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, சொரசொரத்த மரத்தில் காதை வைத்தார். ஏழு வருஷமாகச் செத்தது என்று அவர் நினைத்திருந்த மரம் உள்ளுக்குள் இரைந்துகொண்டிருந்தது. கீச்சுச் சத்தம், நகம் பிராண்டும் சத்தம், எங்கோ உயரத்தில் இடைவிடாத ஒரு முனகல். காதை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"சுத்தி பதினோரு பனை பச்சையா நிக்கே. அங்கன போனா என்னவாம்?" என்றார். குரலில் பழைய விறைப்பு இல்லை.

"பச்சப்பனை வைரம் பாஞ்சது. கொத்துனா மரங்கொத்தி மூக்குதான் ஒடியும். பனை செத்து, உள்ள இருக்க சோறு, அந்த மெத்து நாரு, உளுத்தாத்தான் அதுக்குத் துளைக்க வாகு. மரங்கொத்தி விட்டுட்டுப் போன துளையக் கிளி கொறிச்சுப் பெருசாக்கும். கிளி போனா மைனா. சில சமயம் சண்ட போட்டுப் பிடுங்கவும் செய்யும். முன்ன இந்தச் சுத்துல ஒம்பது மொட்டைப்பனை நின்னுது. எல்லாம் செங்கச்சூளைக்குப் போயிட்டு. அதான் அத்தன குடித்தனமும் ஒத்த வீட்டுல."

"யாரு அறுத்தா?"

"நாந்தான்" என்றார் பலவேசம்.

அப்போது இராமலட்சுமி அலறினாள். "என்னங்க, உடும்பு!"

மரத்தின் மறுபுறமாக அது ஏறியிருந்தது. கை நீள உடும்பு, நாக்கை வெளியே விட்டு இழுத்தபடி, கிளிப்பொந்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கிளி கத்திய கத்தலுக்கு வயல் முழுவதும் பதில் வந்தது. மைனாக்கள் பாய்ந்தன. பகலில் அசையாத ஆந்தைகூடப் பொந்தின் விளிம்புக்கு வந்து கிறீச்சிட்டது. பனங்காடை வானத்தில் ஏறி, சிறகை மடக்கி, கல்லைப்போல் விழுந்து, உடும்பின் தலையை உரசிக்கொண்டு மேலே போனது. மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை உடும்பு பிடி நழுவித் தொப்பென்று வரப்பில் விழுந்து புதருக்குள் ஓடியது.

அடுத்த நிமிஷமே கிளியும் மைனாவும் பழைய பொந்துச் சண்டையைத் தொடங்கிவிட்டன.

பிச்சுமணி கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்றார். ஒருவருக்கொருவர் ஆகாத அத்தனை குடும்பத்தையும் ஓர் உளுத்த தூண் ஒன்றாகக் கட்டி நிறுத்தியிருந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்து இதைத்தானே பார்த்தோம், என்னத்தைப் பார்த்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஞானசம்பந்தத்தின் கார் வந்தது அந்த நேரத்தில்தான். இறங்கியவர் முதலில் பனையைப் பார்த்தார், பிறகு வரப்பில் சும்மா கிடந்த மிஷினைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் நிக்குது?"

பிச்சுமணி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் அப்படி நின்றதை இராமலட்சுமி அதற்குமுன் பார்த்ததில்லை.

"நான் சொன்ன சொல்லு தவறுதேன் அண்ணாச்சி. மரம் நிக்கட்டும். உள்ள குஞ்சும் குட்டியுமா குடும்பங்க இருக்கு. அதுகளத் தெருவுல விட்டுட்டு என் பிள்ளைக்கு ஒரு குடும்பம் அமைக்க எனக்கு மனசில்ல."

"எங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்ல? இந்த வாசல்ல அவங்க கால் வைக்க மாட்டாங்களே."

மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த வித்யாலட்சுமியின் கை அசையவில்லை. பிச்சுமணி ஒரு முறை மகளைப் பார்த்தார், ஒரு முறை வீட்டைப் பார்த்தார்.

"கொல்லை வாசல் கிழக்கப் பாத்தது. அங்கன இருந்து பனை தெரியாது. அந்த வழியா வாங்க. நானே மேளத்தோட நின்னு கூப்பிடுதேன்."

மாடும் எருவும் போய்வரும் வாசல் அது. ஞானசம்பந்தம் இராமலட்சுமி கொடுத்த மோரை நின்றபடியே குடித்தார், பனையை இன்னொரு முறை பார்த்தார், காரில் ஏறிப் போய்விட்டார். வருவார்களா என்று இரண்டு நாள் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். சாணம் தெளித்து, வாழை கட்டி, கொல்லை வாசலில் பிச்சுமணி பட்டுக்கரை வேட்டியுடன் நின்றார். ஞானசம்பந்தத்தின் தாயாரைக் கைபிடித்து அழைத்துப் போனவரும் அவரே. தட்டு மாற்றினார்கள். கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் அடம்பிடித்து அந்தக் குடும்பத்தைக் கொல்லை வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள் என்று தென்காசி வரைக்கும் பேச்சு இருக்கிறது. அது பொய். அவர்கள் கேட்கவே இல்லை. அந்த வழியைச் சொன்னவர் பிச்சுமணி.