வெளிநாட்டுக் குளிர்

மாலை வகுப்புக்கு முன்னதாகவே மாஸ்டர் மாடிக்கு வந்துவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு, சுவரோரம் நிற்கும் பழைய ஃபிரிஜ்களில் ஏதாவது ஒன்றுக்கு நோய் வைப்பார். ஒருநாள் மோட்டாரைக் கிளப்பிவிடும் நல்ல ரிலேயைக் கழற்றிவிட்டுக் கெட்டுப்போனதை மாட்டுவார். இன்னொரு நாள் கதவு ரப்பரை ஓரிடத்தில் மடக்கிவிடுவார். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் மாஸ்டராக இருப்பதை விட்டுவிட்டு வீட்டுக்காரராகிவிடுவார்.

ஃபிரிஜ் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கும் அந்த நிலையத்தில் அதுதான் வழக்கம். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வியாவது கேட்காமல் யாரும் ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கூடாது. வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. ஐஸைக் கத்தியால் குத்தியதை மறைப்பார். "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுபோச்சு" என்று சாதிப்பார். மாமியார் வேஷம் கட்டிய அன்றைக்குப் பழி முழுக்க மருமகள் மேல்தான். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் யாராவது ஒருவருக்கு உண்மை பிடிபட்டிருக்கும்.

நிலையத்தை நடத்துகிறவர் மாஸ்டருடைய மனைவியின் அண்ணன். பாடத்தை மாஸ்டர் பார்த்துக்கொண்டார், மற்றதையெல்லாம் மச்சான் பார்த்துக்கொண்டார். மற்றது என்பது சமீப காலமாக, பெஞ்சுகள் ஏன் காலியாகின்றன என்று கவலைப்படுவதாகவே இருந்தது. இந்த வருடமும் ஆள் சேராவிட்டால் மாடியைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். மாஸ்டர் பழையபடி பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். போவதில் மாஸ்டருக்கு வெட்கம் இல்லை. ஆனால் வகுப்பு எடுக்காத ஒரு மாலையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் மச்சான் ஒரு செய்தியோடு வந்தார். சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப உதவுவதுபோல, படிப்பை அனுப்பவும் அரசாங்கம் உதவுகிறதாம். பாடங்களை மொழிபெயர்த்துத் தருவார்களாம், வெளிநாட்டுக் கண்காட்சியில் இடம் பிடித்துத் தருவார்களாம், வாங்க நினைப்பவர்களைக் கூட்டிவந்து காட்டுவார்களாம். அங்கிருந்து ஒரு நிறுவனமாவது "எங்களுக்கு வேண்டும்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கவனிக்கிற அதிகாரியம்மா ஒருநாள் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் அவருக்கு 'ஏற்றுமதி மேடம்' என்று பெயர் வைத்தார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் இதை எப்படிப் பெட்டியில் போட்டு அனுப்புவது என்று கேட்டார். கடைசியில், பாடங்களை வீடியோவாக எடுத்து, கேள்விகளையும் பதில்களையும் ஒழுங்காக எழுதிச் சேர்ப்பது என்று முடிவானது. வீட்டுக்காரர் அதில் வரமாட்டார். மாஸ்டர் மறுத்துப் பேசவில்லை. தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு பாடமுறை சரியாகிவிடுமா என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்சிப் பள்ளியின் தலைவியம்மா வகுப்பைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது. மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தவர் முன்னால் பிள்ளைகள் திக்கித் திணறி நின்றால் எல்லாம் போச்சு என்று பயந்தார். மாஸ்டருக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அன்றைக்கு ரிலே கோளாறுதான் வரப்போகிறது என்று சொல்லி, மூன்று கேள்விகளையும் அவற்றின் வரிசையையும் மனப்பாடம் செய்ய வைத்தார்.

தலைவியம்மா வந்தார். குட்டையானவர், வெள்ளை முடி, கையில் சின்ன விசிறி. இந்த ஊர் வெயில் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. ஏற்றுமதி மேடம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவருடைய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். மாஸ்டர் வீட்டுக்காரராக எழுந்து தோளில் துண்டைப் போட்டதும், அந்த அம்மா கையை உயர்த்தி ஏதோ சொன்னார்.

மேடம் தயங்கியபடி சொன்னார். "இன்னிக்கு வீட்டுக்காரம்மாவா அவங்களே இருக்கட்டுமான்னு கேக்கறாங்க. அவங்க வீட்டு ஃபிரிஜ்ஜே சரியில்லையாம்."

மாஸ்டருக்கு மனசுக்குள் ஒரு குதூகலம். துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை.

ஃப்ரீசர் இருக்கும் மேல் தட்டில் வைக்கிற மீனும் ஐஸும் உருகிப்போகின்றன, கீழே வைப்பது கெடுவதில்லை என்றார் அந்த அம்மா. சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண் எழுந்தாள். பகலில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள், வகுப்பிலேயே கெட்டிக்காரி. மின்சாரம் விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. டிக் டிக் என்று சத்தம் கேட்கிறதா என்றாள். இல்லவே இல்லை, சத்தமே இல்லாமல் இருக்கிறது என்று பதில். மோட்டார் தொட்டால் சுடுகிறதா என்றாள். இல்லை, ஜில்லென்று இருக்கிறது.

மனப்பாடம் செய்த கேள்வி ஒன்றுக்கும் ஆமாம் என்று பதில் வராததில் சுருட்டை ஒரு நொடி திகைத்தாள். பின்வரிசையில் மச்சான் தலையாட்டுவதைப் பார்த்தாள்.

"ரிலே போயிடுச்சு மாஸ்டர்" என்றாள்.

வகுப்பு முழுக்க ஒரே குரலில் ஆமோதித்தது. அந்த ஒற்றுமையில்தான் மாஸ்டருக்கு விஷயம் விளங்கியது. இந்தப் பிள்ளைகள் எதிலும் ஒரே குரலில் பேசியவர்கள் இல்லை. திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் கண்ணாலேயே கெஞ்சினார். ஃபிரிஜ் கடல் தாண்டி இருக்கிறது, ரிலே என்றே சொல்லிவிட்டால் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? அந்தக் கெஞ்சலுக்கு அதுதான் அர்த்தம்.

சொல்லிவிடலாம் என்றுகூட மாஸ்டருக்குத் தோன்றியது. காலிப் பெஞ்சுகள் கண்ணில் பட்டன.

"ரிலே இல்லைங்க" என்றார். "என்னன்னு எனக்குத் தெரியலை."

மேடம் அதை மொழிபெயர்ப்பதற்கு முன் அவரை ஒருமுறை பார்த்தார், நிஜமாகவே சொல்லத்தான் வேண்டுமா என்பதுபோல. மாஸ்டர் தலையசைத்தார். பிறகு பெஞ்சில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து, தானே கேட்க ஆரம்பித்தார். ஃபிரிஜ் எங்கே நிற்கிறது? சமையலறையில் இடம் இல்லை, பின்பக்கத்து வராந்தாவில். எப்போதும் உருகுகிறதா? அந்த அம்மா விசிறியை நிறுத்திவிட்டு யோசித்தார். இல்லை, கோடையில் நன்றாகத்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த வராந்தா எப்படி இருக்கும்?

அந்த அம்மா எழுந்துபோய் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபிரிஜ்ஜின் கதவைத் திறந்து, உள்ளே கையைக் காட்டினார். இதேபோல.

வெளியில் இருக்கிற குளிர் போதும் என்று நினைத்து மோட்டார் தூங்கிவிடுகிறதோ என்று மாஸ்டர் முணுமுணுத்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நோயை அவர் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? "உறுதியாச் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு நாள் கொடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

மேடமும் விருந்தாளியும் போனதும் மச்சான் பிடித்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணினீங்க மாப்ளே. விக்க வந்த சாமானை நீங்களே ஓட்டைன்னு சொல்லிட்டீங்க."

"ஓட்டையை நீங்கதானே மச்சான் பிள்ளைங்க வாயில வெச்சீங்க" என்றார் மாஸ்டர். ஆனால் அந்த வராந்தாவின் குளிருக்காக விடிந்ததும் பழக் குளிர்கிடங்குக்காரரிடம் போய்க் கையைக் காலைப் பிடித்து ஒரு மூலையை வாங்கிக்கொடுத்தவர் மச்சான்தான். ஃபிரிஜ்ஜை வண்டியில் ஏற்றி, மேல் தட்டை ஐஸால் நிரப்பி, ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே நிறுத்தி மின்சாரம் கொடுத்தார்கள்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் வகுப்பு அங்கேயே நடந்தது. பிள்ளைகள் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் அப்பாவின் மழைக்கோட்டை மாட்டியிருந்தான். தலைவியம்மா மட்டும் விசிறியைப் பைக்குள் வைத்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல்முறையாக நிம்மதியாக நின்றார். மாஸ்டர் மோட்டாரின்மேல் கையை வைத்தார். அசைவில்லை. மேல் தட்டைத் திறக்கச் சொன்னார். சுருட்டை திறந்ததும் பாதத்தில் தண்ணீர் கொட்டியது.

சுருட்டை கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "கீழ்த் தட்டு ஜில்லுனு இருந்தா போதும்னு நினைக்குது மாஸ்டர். மேல நடக்கறது அதுக்குத் தெரியாது. பக்கத்துல ஏதாவது சூடா வெச்சா எழுந்துக்குமா?"

யாரும் சொல்லிக்கொடுக்காத கேள்வி. மேடத்தின் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமலே அந்த அம்மா சிரித்துவிட்டார்.

வீடியோக்கள் வேண்டாம் என்றார் பிறகு. இந்த ஊர் நோய்கள் தன் ஊருக்கு உதவாது. கேட்கிற விதம்தான் வேண்டும். மாஸ்டர் ஒரு குளிர்காலம் வந்து தங்கி, அந்த ஊர் வீடுகளில் ஏறி இறங்கி, அந்த ஊர் நோய்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் வகுப்பை ஆரம்பிக்கலாம். ஆள் போவதற்கும் அரசாங்க உதவி உண்டா என்று மச்சான் குளிரில் பல் தந்தியடிக்க கேட்டார். பாடத்துக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, ஆளே பாடமாக இருந்தால் என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் மேடம். ஆனால் அவர் முகத்தில், கேட்டு வாங்கிவிடுவார் என்று தெரிந்தது.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "தங்கச்சிகிட்ட நான் பேசிக்கறேன் மாப்ளே, நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

"வேண்டாம் மச்சான். நானே கேக்கறேன்."

கற்றுக்கொடுப்பதற்காக நாடு விட்டு நாடு போகிறவர், முதல் குளிர்காலம் முழுக்கக் கற்றுக்கொள்ளத்தான் போகிறார். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று மாஸ்டருக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகள் ஃபிரிஜ்ஜைத் தூக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். அவரும் குனிந்து ஒரு பக்கம் பிடித்தார். கிடங்கின் கதவைத் தாண்டி வெளிக்காற்றில் வைத்ததும், தெரு முழுக்கச் சூடாக இருந்தது.