முட்டையைத் திருப்பிக் கேட்டவள்

கிளாரிபெல் ஸெருடோ டாக்டர் உரிமத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து பத்தொன்பது நாள் பினாகாய் ஊரில் யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை, இருந்த காய்ச்சல் எதுவும் ஏறவோ இறங்கவோ இல்லை. படகு மெக்கானிக்கின் மகளுக்கு அன்று நூற்றிரண்டு இருந்தது. பதினெட்டாம் நாளும் அதே நூற்றிரண்டுதான். தச்சரின் முதுகில் இருந்த கட்டி பழுக்கவும் இல்லை, அமுங்கவும் இல்லை. பாதிரியாருக்கு ஒரு தும்மல் பாதியில் நின்றுவிட்டதால், தினமும் பூசையின் நடுவில் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருப்பார், அது வராது, பூசையைத் தொடர்வார். சுகாதார நிலையத்து நர்ஸம்மா உர்சுலா மட்டும் பதிவேட்டில் எழுத ஒன்றுமில்லாமல் கோபத்தில் இருந்தாள். ஊரில் டாக்டர் இருந்ததே இல்லை, ஆகவே நோய்களும் ஒரு டாக்டர் வரட்டும் என்று நிற்கின்றன போல என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

கிளாரிபெல்லுக்கு இது மூன்றாவது முறை. மூன்றாவதிலும் தவறினால் மறுபடி ஒரு வருஷம் கல்லூரிப் பெஞ்சில் உட்கார்ந்து வந்துதான் அடுத்த முறை எழுத முடியும். அவளுக்கு அந்தத் தெம்பு இல்லை. அம்மா நெனிதாவுக்கோ அவசரம் கூடப்பிறந்தது. முடிவு வந்த பிறகு பேனர் கடையில் கூட்டம் நெரியும் என்று முன்கூட்டியே மகளின் படம் போட்டு, ‘வாழ்த்துகள், டாக்டர்’ என்று ஆளுயர எழுத்தில் அச்சடித்து வாங்கி வைத்துவிடுவாள். முதல் வருஷத்துப் பேனர் பன்றிக் கொட்டகைக்குக் கூரையானது. இரண்டாம் வருஷத்தது அதே கொட்டகைக்குப் பக்கச் சுவரானது. பன்றிகளுக்குத் தனி டாக்டர் வைத்த ஊர் உலகத்திலேயே நம்முடையதுதான் என்று மீன் சந்தையில் பேசிச் சிரிப்பார்கள். கிளாரிபெல்லின் காதுபடத்தான் பேசுவார்கள். மூன்றாவது பேனர் சுருட்டியபடி அப்பாவின் கட்டிலுக்கடியில் கிடந்தது.

அப்பா எபிஃபானியோ முப்பது வருஷம் ஆள் ஏற்றும் மோட்டார் டிரைசிகிள் ஓட்டி மகளைப் படிக்க வைத்தவர். நுரையீரலில் புற்று. தேர்வுக்கு முந்தின வாரமே பாதிரியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். அந்த நிலையில் அவரை விட்டுவிட்டுத்தான் அவள் நகரத்துக்குப் போனாள். போகிற வழியில், வேண்டுதலுக்கு எல்லோரும் செய்வதைப்போல, கிளாரா கன்னியர் மடத்தில் இரண்டு டஜன் முட்டையும் ஒரு சீட்டும் கொடுத்தாள். சீட்டில் தன் பெயரையும் ‘எப்படியாவது பாஸ்’ என்பதையும் எழுதியிருந்தாள். மூன்று நாளில் வரவேண்டிய முடிவு, மணிலாவில் புயல் அடித்ததால் தள்ளிப்போனது. பிறகு இன்னும் தள்ளிப்போனது. பினாகாயின் செல்போன் கோபுரமும் அதே காற்றில் சாய்ந்துவிட்டபடியால் ரேடியோ ஒன்றுதான் கதி. ஊர் திரும்பிய அவள் அந்த ரேடியோவின் பக்கத்திலேயே உட்கார்ந்து நகங்களைக் கடித்துத் தீர்த்தாள்.

அக்கா ரோவேனாவுக்குப் பத்தாம் மாதமும் முடிந்துவிட்டது. வயிற்றைத் தாங்கியபடி வாசலுக்கும் அடுக்களைக்கும் நடப்பாள். வலி இல்லை, கனம்தான். “உள்ள இருக்கறவன் ரிசல்ட்டப் பாத்துட்டுதான் வருவானாம்டி,” என்றாள் ஒரு நாள். “நீ இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா நான் கெழவியாகற வரைக்கும் சுமக்கணும் போல.” கிளாரிபெல்லுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, பிறப்பு ஒன்று இப்படிக் காத்திருந்தால் கூடவே வேறென்ன காத்திருக்கிறது என்று தோன்றி, சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் எழுந்து அப்பாவிடம் போனாள். அவர் விழித்துத்தான் இருந்தார். “மறைக்காம சொல்லு, கிளாரி. போன ஞாயித்துக்கெழமைக்கு முந்தின ஞாயிறே நான் போயிருக்கணும், இல்ல?”

நாடியைப் பிடித்துப் பார்த்தாள். படித்ததெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னது. “ஆமாப்பா.”

“ஸ்டாண்டுல ஆள் ஏறாம வண்டி உறுமிக்கிட்டே நிக்கும் பாரு, அப்படி இருக்கு. வலி கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நீ பாஸாயிட்டேன்னா நான் கெளம்பலாம்.” அதை ஏதோ நல்ல சேதியைப்போலச் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் மடத்துக்குப் போனாள். மரச்சட்டக் கம்பிக்குப் பின்னால் முகம் தெரியாத கன்னியாஸ்திரீ ஒருத்தி என்ன வேண்டுதல் என்று கேட்டாள். வேண்டுதல் இல்லை, கொடுத்த முட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள் கிளாரிபெல். தேர்வில் தவற வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க அவளால் முடியவில்லை. அக்காவின் வயிறு நினைவுக்கு வந்ததும் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அப்படியும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றாள்.

கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “நாப்பது வருஷமா இங்க இருக்கேன்மா, முட்டையத் திருப்பிக் கேட்டவ நீ ஒருத்திதான். அதெல்லாம் போன வாரமே கேக் ஆயிடுச்சே. கடைசித் துண்டு ஒண்ணு இருக்கு, தரட்டுமா?”

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டே அதைத் தின்றாள். நல்ல கேக்தான்.

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்தப் பக்கத்துத் தீவுகளில் தேறியவர்களின் பெயர்களை வானொலி அறிவிப்பாளர் படிக்கத் தொடங்கினார். வீட்டுக்குள்ளும் சன்னலுக்கு வெளியிலும் ஊரே நின்றது. ஸெருடோ என்பது ஆங்கில எழுத்து வரிசையில் இசட்; பள்ளிக்கூடத்தில் பால் பவுடர் வாங்கின நாளிலிருந்து அவள் எந்த வரிசையிலும் கடைசிதான். முந்நூற்றுப் பதினேழு பெயர்கள் போயின. இசட் வருவதற்கு முன்னால் வயிற்றுவலி எண்ணெய் விளம்பரம் ஒன்று வந்தது. அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாரிபெல்லின் கை தானாகப் போய் ரேடியோவின் திருகைப் பிடித்தது. கொஞ்சம் திருகினால் போதும். அறையின் நடுவே தொங்கிய திரைக்கு அந்தப்பக்கம் ரோவேனா சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“கைய எடும்மா,” என்றார் எபிஃபானியோ. “கேட்டுட்டுப் போறேன்.”

அவள் கையை எடுத்தாள். ஸெருடோ, கிளாரிபெல், என்றது வானொலி. அத்துடன் பட்டியல் முடிந்தது.

கோயிலிலிருந்து பாதிரியாரின் தும்மல் சந்தைவரை கேட்டது. மெக்கானிக்கின் மகள் வியர்த்து நனைந்து சாப்பாடு கேட்டாள், தச்சரின் கட்டி உடைந்தது, ரோவேனாவுக்குப் பனிக்குடம் உடைந்து உர்சுலா பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எபிஃபானியோ முதலில் பேனரைக் கேட்டார். நெனிதா அதை இழுத்தெடுத்துச் சன்னலுக்கு வெளியே இரண்டு பேரை விட்டுப் பிடிக்கச் சொன்னாள். அவர் மகளின் முகத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார். “இதையாவது பன்னிக்குப் போடாத, நெனிதா,” என்றார். சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில், பத்தொன்பது நாளாகப் பாதியில் நின்றிருந்த இருமல் முடிந்தது, அவரும் முடிந்தார். கிளாரிபெல் அவர் கண்களை மூடிவிட்டாள். திரைக்கு அந்தப்பக்கம் ரோவேனாவின் மகன் அழ ஆரம்பித்தான்.

ஊர் வழக்கப்படி உடலை வீட்டில் வைத்திருந்த ஒரு வாரமும் தூறல் விடவில்லை. நெனிதா அவர் சொல்லைத் தட்டாமல் மூன்றாவது பேனரை வாசலில் பந்தலாகக் கட்டினாள். ஜனங்கள் ‘வாழ்த்துகள், டாக்டர்’ என்பதற்குக் கீழே உட்கார்ந்து காப்பியும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, சீட்டாடி, அழுதார்கள். துக்கம் கேட்பதா, வாழ்த்துவதா என்று தெரியாதவர்கள் ஒரே கைகுலுக்கலில் இரண்டையும் முடித்துக்கொண்டார்கள்.

இது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. டாக்டரம்மா இன்றும் அந்தச் சுகாதார நிலையத்தில்தான் இருக்கிறாள். அவள் ஊரில் இல்லாத நாட்களில் பினாகாயில் யாரும் பிறப்பதும் இல்லை, சாவதும் இல்லை. எல்லாம் அவள் திரும்பும்வரை நிற்கின்றன. நிறைமாதக்காரிகள் திட்டுவார்கள் என்பதால் அவள் அதிகம் வெளியூர் போவதில்லை. எப்போதாவது ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, உள்ளே கூப்பிட்டும் உட்காராமல், வாசலிலேயே நிற்பார்கள். பெரிய மகன் கப்பலிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், இன்னும் நான்கு நாள் ஆகும், அம்மா தாங்க மாட்டாள்போல இருக்கிறது என்பார்கள். டாக்டரம்மா வேறெதுவும் கேட்பதில்லை. பையில் இரண்டு உடுப்பை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி, “அம்மா, நான் நாலு நாள் டவுன்ல இருக்கேன்,” என்று நெனிதாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போவாள்.