விஷாகாவின் வண்டிக்குப் பிக்கப் இல்லை

1.

இது என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புணேயில் ஸாதிக் அத்தாரின் ஸ்கூட்டர் பட்டறையில் என் வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றக் காத்திருந்தபோது, பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண் சொன்னது. பெயரை மாற்றிவிட்டேன். வேலையையும் மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சேர்க்கிறவள் அவள். வேறு வேலை கொடுத்தால் கதை நகர மறுக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்:

[பச்சை விழுந்தது. விஷாகா ஆக்சிலேட்டரை முறுக்கினாள். பின்னாலிருந்த பேருந்து—]

அடித்துவிட்டேன். பேருந்தில் தொடங்கினால் படிக்கிறவர்கள் பேருந்தின் மேலேயே கண்ணாக இருப்பார்கள். எனக்கு முதலில் வேண்டியவர் ஜயவந்த்.

2.

ஜயவந்த் கோர்படே விஷாகாவின் கணவர். லேத் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒருநாள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தார். பின்சீட்டில் இருந்த விஷாகாவும் விழுந்தாள். இனி வண்டி ஓட்டக்கூடாது, ஓடும் இயந்திரத்தின் பக்கமும் போகக்கூடாது என்றார் டாக்டர். வேலை போயிற்று. விஷாகா பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்தாள்.

ஓட்டத்தானே கூடாது? ஞாயிறு காலையில் வண்டியைக் கழுவி, எண்ணெய் பார்த்து, திருகுகளை இறுக்குவது ஜயவந்தின் வேலையாயிற்று. அந்த ஒரு காலைப்பொழுதில்தான் அவர் முகத்தில் பழைய களை தெரியும். அதனால் வண்டியை வேறு யாரும் தொட விஷாகா விட்டதில்லை.

மழை தொடங்கிய சமயத்தில் வண்டிக்குப் பிக்கப் போயிற்று. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முறுக்கினால் சீறாது, முனகும். பாரம் ஏற்றிய எருமைபோல ஒரு யோசனை யோசித்துவிட்டு நகரும். வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை.

"என்னங்க, வண்டி கிளம்பவே மாட்டேங்குது."

"பெட்ரோல்ல என்னத்தையோ கலக்குறானுங்க."

"பங்க் மாத்தி மாத்திப் போட்டாச்சு."

"ஓட ஆரம்பிச்சா நல்லாத்தானே ஓடுது? நீ என்ன பந்தயத்துக்கா போற?"

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்தார். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினார். விஷாகா தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். திங்கள்கிழமை வண்டி அப்படியேதான் முனகியது.

3.

இப்போது பேருந்து.

ஸாத்தாரா சாலைச் சந்திப்பில், முகத்தைச் சுற்றிக் கட்டிய துப்பட்டாவோடு, காலடியில் ரத்தக்குழாய்கள் அடங்கிய ஐஸ்பெட்டியோடு அவள் முன்வரிசையில் நின்றிருந்தாள். பச்சை விழுந்தது. எல்லா வண்டிகளும் பாய்ந்தன. அவளுடையது யோசித்தது. பின்னால் வந்த பேருந்து ஒடித்துத் திரும்பி, அவளை உரசிக்கொண்டு போனது. வலப்பக்கக் கண்ணாடி பிய்ந்து பறந்தது. அவள் காலை ஊன்றிச் சமாளித்தாள். பெட்டி விழுந்தது.

உடைந்த குழாய்களில் ஒன்று ஒரு கைக்குழந்தையுடையது. அன்று மதியமே அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், குழந்தையின் பிஞ்சுக் கையில் மறுபடி நரம்பு தேடவேண்டியிருந்தது. குழந்தை அவளைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டது. என்னிடம் பேருந்தைப் பற்றிச் சொன்னபோது தடுமாறாத அவள் குரல், இதைச் சொன்னபோது தடுமாறியது.

வீட்டில், "நிறுத்தின இடத்துல எவனோ இடிச்சுட்டான்" என்று சொல்லிவைத்தாள். ஜயவந்த் பயப்படுவார். பயந்தால் தூங்கமாட்டார், தூங்காவிட்டால் வலிப்பு வரும்.

(இந்தப் பொய்யைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் அவள் இன்னும் நல்லவளாகிவிடுகிறாள். விட்டுவைக்கிறேன்.)

4.

மறுநாள், கணவருக்குத் தெரியாமல் வண்டியை ஸாதிக்கிடம் கொண்டுவந்தாள்.

"கிளட்ச் போயிருக்கும் தாயி," என்றார் ஸாதிக். பார்த்தார். கிளட்ச் நன்றாக இருந்தது. "அப்ப பெல்ட்டுதான். எழுதி வச்சுக்கோங்க." பெல்ட்டை மாற்றி, ஒரு சுற்றுப் போய்வந்தார். அதே முனகல்.

(தாயி என்றால் மராட்டியில் அக்கா. தமிழில் வேறு மாதிரிக் காதில் விழும், விழட்டும்.)

"என்ன ஸாதிக் பாய், எழுதி வச்சுக்கவா, அழிச்சிடவா?"

"கேலி பண்ணாதீங்க தாயி, நானே கடுப்புல இருக்கேன்."

எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள், பெல்ட் ஓடும் முன்கப்பியைப் பிரித்து, உள்ளிருந்த சின்ன ரோலர்களை உள்ளங்கையில் கொட்டினார். தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். இவை உருண்டையாக, பளபளப்பாக இருந்தன. கையைத் தூக்கித் தாழ்த்திப் பார்த்தார்.

"இது இந்த வண்டி ரோலரே இல்லையே! கனம். இதைப் போட்டா டாப் கியர்ல மலை ஏறுற மாதிரிதான், கிளம்பவே திணறும். யாரு மாத்தினது?"

விஷாகா ஒரு ரோலரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அந்த மூடியைத் திறக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான்.

"எடுத்துட்டு சரியானதைப் போடுறேன். அரைமணி உட்காருங்க."

"வேணாம். அதையே திரும்பப் போடுங்க."

ஸாதிக் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினாள்.

5.

ஒரு வரைவில் ஜயவந்தை வில்லனாக்கினேன். [தன்னால் ஓட்ட முடியாததை மனைவியும் ஓட்டக்கூடாது என்ற வன்மம்—] இன்னொன்றில் புனிதராக்கினேன். [அன்பின் எடை எத்தனை—] இரண்டும் குப்பைக்குப் போயின. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

எனக்குச் சந்தேகம் விஷாகாமீதுதான். கனத்த ரோலரையே போடச் சொன்னபோது அவள் மனதில் என்ன இருந்தது?

6.

மிச்சத்தைச் சில வாரங்கள் கழித்து, அதே பட்டறையில், புதுக் கண்ணாடி பொருத்த வந்தபோது சொன்னாள்.

முதல் தடவை பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போனதும், ஜயவந்திடம் ரோலரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பின்னாடி உட்காருங்க."

"எங்க?"

"உட்காருங்க, சொல்றேன்."

அதே சந்திப்பில் சிவப்பு விழுந்திருந்தது. வேண்டுமென்றே முன்வரிசைக்குப் போய் நின்றாள். பின்னால் ஒரு பேருந்து வந்து நின்று உறுமியது. பச்சை விழுந்தது. இரண்டு பேர் பாரம். வண்டி முன்னிலும் மோசமாக முனகியது. பேருந்தின் ஹாரன் அவர்கள் பிடரியிலேயே அடித்தது. ஜயவந்த் திரும்பிப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்த பிடி அடுத்த நாளும் வலித்ததாம்.

"ஓரமா போ! விஷாகா, ஓரமா போ!"

"போகத்தான் பாக்குறேன். வண்டி போகணுமே?"

எப்படியோ ஓரத்துக்கு வந்து நின்றாள். அவர் இறங்கினார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"கண்ணாடி இங்கதான் போச்சா?"

"ஆமா."

"நிறுத்தின இடத்துலன்னு சொன்னே."

"நீங்க பெட்ரோல்ல கலப்படம்னு சொன்னீங்க."

அவர் நடைபாதைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "ஜன்னல்லேர்ந்து பாப்பேன். கேட்டைத் தாண்டினதும் அம்பு மாதிரி பாய்வே. நான் விழுந்தப்ப நீ ரோட்டுல கிடந்தியே, அதுதான் ஞாபகம் வரும். கொஞ்சம் மெதுவா கிளம்பட்டுமேன்னுதான்..."

"பின்னாடி வர்றவனும் மெதுவா வரணும்ல? அவன் வண்டியிலயும் போய் கனத்த ரோலரை மாட்டிட்டு வர்றீங்களா?"

7.

அவள் அங்கே நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் என்ன பேசினார்கள் என்று நானும் கேட்கவில்லை. எழுதிப் பார்த்தவை:

[அவர் அழுதார். அவள் அவர் தலையை—] அவள் அப்படிப்பட்டவளாகத் தெரியவில்லை.

[இனி வண்டியைத் தொடக்கூடாது என்றாள்—] அந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவள் பறிப்பாளா?

[இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு—] பார்க்க அழகாயிருக்கும். ஆனால் வண்டி ஓடுகிறதே, எதற்குத் தள்ளவேண்டும்?

தெரிந்தது இவ்வளவுதான். கண்ணாடி பொருத்தியதும் அவள் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, ஆக்சிலேட்டரை முறுக்கினாள். வண்டி ஒரே பாய்ச்சலாகத் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

"நல்லா மாத்திக் குடுத்திருக்கீங்க," என்றேன் ஸாதிக்கிடம்.

"நான் மாத்தலை," என்றார் அவர். "வரும்போதே மாத்தித்தான் இருந்துச்சு. மூடியில ஒரு திருகு கோணலா ஏறியிருந்துச்சே, பாத்தீங்களா? பழகின கை இப்படிப் போடாது. தாயியே கத்துக்கிட்டு மாட்டியிருப்பாங்க."

இருக்கலாம். ஆனால் நடுங்கினால், பழகின கையும் அப்படித்தான் போடும்.

அந்தத் திருகை யார் ஏற்றியது என்று இங்கே ஒரு வரி எழுதவேண்டும். இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

[                                        ]