காணாமல் போன ட்வீசர்

புருவம் திருத்தும் என் ட்வீசர் காணாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. எடுத்தவள் தங்கைதான் என்று நான் வீட்டில் தலைகீழாக நின்று கத்தியும் அவள் கல்லுளிமங்கி மாதிரி இருந்துவிட்டாள். இன்று காலை ஆய்வகத்தில் அதே ட்வீசரை அவள் கையில் பார்த்தேன். அதன் நுனியில், அளப்பதற்காகப் பொடியை அழுத்தி அவள் செய்த வெள்ளை வில்லை இருந்தது.

காந்தத்தன்மையை அளக்கும் இயந்திரம் என் பொறுப்பு. அவள் அங்கேயே ஆராய்ச்சி மாணவி. காந்தத்தோடு எந்த உறவும் இல்லாத துத்தநாக ஆக்சைடை நானோ அளவுக்குப் பொடித்தால் அதுவும் காந்தமாகிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இன்னும் சற்று நேரத்தில் அரங்கத்தில் அதைத்தான் பேசப் போகிறாள். எடுபட்டால் வெளிநாட்டில் வேலை. கொடுக்கப் போகிறவர்களே முன்வரிசையில் உட்காருகிறார்கள்.

"எப்பலேருந்துடி வில்லைய இதால எடுக்கற?"

"பிளாஸ்டிக் ட்வீசர் உடைஞ்சதுலேருந்து. இதுக்கு இங்கயும் சண்டையாக்கா?"

"ஒவ்வொரு தடவ கவ்வும்போதும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் ஒட்டியிருக்கும்டி. இத்தன நாளா நான் அளந்தது உன் பொடியவா, என் ட்வீசரையா?"

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல காந்தம் ஒட்டாது."

பலகையில் தாளைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைப் பிடுங்கி நீட்டினேன். ட்வீசர் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் முகம் வெளுத்தது. "நீ பாதியில விட்ட படிப்ப நான் முடிக்கறது உனக்குப் பொறுக்கல."

ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பொடி மிச்சமிருக்கா?" என்றேன்.

ட்வீசர் படாத பொடி குப்பியில் இருந்தது. பிளாஸ்டிக் குழலில் அடைத்து இயந்திரத்தில் இறக்கினேன். காந்தமாக இருந்தால் திரையில் கோடு போன வழியே திரும்பாது, வளைந்து கண்ணி போட்டுக்கொண்டு வரும். இதுவரை அப்படித்தான் வந்தது. வளைஞ்சிடு, வளைஞ்சிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் நகம் என் தோளில் பதிந்தது.

கோடு நேராக இறங்கியது. போன வழியே திரும்பி வந்தது.

தன் வழிகாட்டிப் பேராசிரியரைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "பழைய கிராஃபையே காட்டும்மா. இத அப்புறம் பாத்துக்கலாம். உங்க அக்காகிட்டயும் வாயத் திறக்க வேணாம்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எப்படியாவது அவளுக்கு அந்த வெளிநாட்டு வேலை கிடைக்கட்டும் என்றுதான் அந்த நிமிஷம் எனக்கும் இருந்தது.

அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் முதலில் வளைந்த கோடு வந்தது. முன்வரிசையில் தலைகள் ஆடின. பேராசிரியர் புன்னகைத்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். நேர்கோடு வந்தது.

"முதல்ல காட்டினது தப்பு," என்றாள் பிசிறில்லாமல். பையிலிருந்து ட்வீசரை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். "காந்தம் என் பொடியில இல்ல. இதுலதான் இருந்தது. இது எங்க அக்காவோடது. கேக்காம எடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் எழுந்து வெளியே போய்விட்டார். முன்வரிசையில் ஒருவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். வேலை போயிற்று என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அழுகையை அடக்க முடியவில்லை.

அவள் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து ட்வீசரை நீட்டினாள்.

"இந்தா. இனிமேலாவது வீட்டுல கத்தாம இரு."

வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.