காது செத்த புரோகிராம்

அக்காவின் தொண்டையில் குழாய் போட்டதிலிருந்து பேச்சு இல்லை. தொற்று பயத்தில் அறைக்குள் யாரையும் விடவில்லை. போனில் எழுதலாமென்றால் நடுங்கும் விரலுக்கு அந்தச் சின்ன எழுத்துகள் சிக்கவில்லை. தம்பி புரோகிராமர். சும்மா இருப்பானா? நர்ஸ் கையில் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, கீழே காத்திருப்பு அறையில் இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டான்.

வேலை பெரிதில்லை. அவள் கணினி ஒரு வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். இவன் கணினி போய்த் தட்டும். ஆனால் வரும் எழுத்துக்காகக் காத்திருக்கும் புரோகிராம் வேறு வேலை பார்க்காது, மரம் மாதிரி நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு த்ரெட் வைத்தான், ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலையாட்கள் மாதிரி. ஒன்று கேட்பதற்கு, ஒன்று அனுப்புவதற்கு. ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது.

"டேய் தடியா, சாப்டியா?" என்று முதல் வரி வந்து விழுந்தபோது, அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டான்.

மதியம் டாக்டர் வந்தார். "இன்னொரு ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். பெருசா நம்பிக்கை கொடுக்க முடியாது. வேண்டாம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கொஞ்ச நாள் உங்ககூட இருப்பாங்க. அவங்களையே கேட்டுச் சொல்லுங்க."

அவன் எல்லாவற்றையும் எழுதினான். தட்டினால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்று, கடைசியில் இதையும் சேர்த்தான்: "வேண்டாம்னா மட்டும் சொல்லுக்கா. ஒண்ணும் வரலேன்னா சரின்னு எடுத்துக்கறேன்."

பதில் வராவிட்டால் 'சரி' என்று வைத்துக்கொள்வது அவன் தொழிலில் ஊறிய புத்தி. திரையில் 'இணைப்பு உள்ளது' என்று பச்சையாக எரிந்தது. ஒன்றும் வரவில்லை. டாக்டரிடம் போய்ச் சரி என்றான். அக்காவுக்கு வாழ ஆசை இருக்கிறது என்று மனசுக்குள் சந்தோஷம் வேறு.

அவளுக்கு மயக்க ஊசி போட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுபோன பிறகு நர்ஸ் லேப்டாப்பைத் திருப்பித் தந்தாள். "ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே இருந்தாங்க. உங்ககூடதான் பேசறாங்கன்னு தொந்தரவு பண்ணல."

திறந்தான். அவன் கேள்விக்குச் சற்று மேலே, விரல் தவறித் தட்டிய ஒரு வெற்று வரி. வெறும் வரி வந்தால் என்ன செய்வது என்று அவன் எழுதியிருக்கவில்லை. அந்த இடத்தில் இவன் பக்கத்துக் கேட்கும் த்ரெட் செத்திருந்தது. அனுப்பும் த்ரெட்டுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ஓடி, பச்சை எழுத்தையும் எரிய விட்டிருக்கிறது.

கேள்விக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்.

"வேண்டாம்டா."

"வீட்டுக்குப் போலாம்."

"கேக்குதா?"

"தம்பி, வேண்டாம்."

"வேண்டாம்."

லேப்டாப்பைப் போட்டுவிட்டு ஓடினான். ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினான், "அக்கா" என்று கத்தினான். காவலாள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

சாயங்காலம் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். காத்திருப்பு அறையில் அவன் விட்டுவந்த திரையில் அந்தப் பச்சை எழுத்து அப்படியே இருந்தது.